மோதலுக்கு முந்தைய நிலை: ஆங்கில மரபுத்தொடர்கள் குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சண்டை வெடிக்கப் போகிறது என்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் உள்ள மரபுத்தொடர்களைப் பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள், செய்தி அறையில் மொழிபெயர்க்கிறவர்கள், அலுவலக மடல் எழுதுகிறவர்கள் என்று பலரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு தொடரும் சண்டையின் எந்தக் கட்டத்தைக் காட்டுகிறது என்று பார்க்காமல், எல்லாவற்றையும் 'சண்டை' என்ற ஒரே பையில் போட்டுவிடுகிறார்கள்.

பெரம்பூரிலிருந்து வங்கித் தேர்வுக்குப் படிக்கும் வாசகி: 'தி யூனியன் அண்ட் தி மேனேஜ்மென்ட் ஆர் ஆன் எ கொலிஷன் கோர்ஸ்' என்று ஒரு செய்தியில் படித்தேன். இரு தரப்பும் மோதிக்கொண்டிருக்கிறார்கள் என்று தோழி சொல்கிறாள். மோதப் போகிறார்கள் என்று நான் சொல்கிறேன். யார் சொல்வது சரி?

நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருவரும் இப்போது போகிற வழியிலேயே தொடர்ந்து போனால் மோதுவார்கள் என்பதே இந்தத் தொடரின் முழுப் பொருள். யாராவது ஒருவர் வழியை மாற்றினால் மோதல் இல்லை. 'கோர்ஸ்' என்பது இங்கே படிப்பல்ல. ஒரு கப்பல் செல்லும் திசை, அதன் பாதை.

இந்தத் தொடர் கடலிலிருந்து வந்தது. கப்பல்காரர்களுக்கு இது இன்றும் அன்றாட வேலைச் சொல். எதிரே இன்னொரு கப்பல் தெரிகிறது. அது நம்மோடு மோதுமா, தாண்டிப் போய்விடுமா என்று வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. திசைகாட்டியை வைத்து அந்தக் கப்பல் வடக்கிலிருந்து எத்தனை பாகையில் தெரிகிறது என்று குறித்துக்கொள்வார்கள். 9 மணிக்கு அது 45 பாகையில், 6 கடல்மைல் தொலைவில் இருக்கிறது என்று வையுங்கள். 9.06-க்குப் பார்த்தால் அதே 45 பாகை, தொலைவு நாலரைக் கடல்மைல். 9.12-க்கும் 45 பாகைதான், தொலைவு 3 கடல்மைல். கோணம் அசையவில்லை, தொலைவு மட்டும் குறைகிறது. இப்படியே விட்டால் 9.24-க்கு இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும். கோணம் மாறிக்கொண்டே வந்தால் அந்தக் கப்பல் நமக்கு முன்னாலோ பின்னாலோ கடந்து போய்விடும். கடலில் மோதலைத் தவிர்ப்பதற்காக 1972-ல் வகுக்கப்பட்ட சர்வதேச விதிகளில் ஏழாவது விதி சொல்வதும் இதைத்தான்: நெருங்கி வரும் கப்பலின் கோணம் குறிப்பிடத்தக்க அளவு மாறாவிட்டால் மோதும் ஆபத்து உண்டு என்றே கொள்ள வேண்டும். மிகப் பெரிய கப்பலையோ, இன்னொன்றை இழுத்து வரும் கப்பலையோ நெருங்கும்போது கோணம் மாறினாலும் ஆபத்து இருக்கலாம் என்றும் அந்த விதி எச்சரிக்கிறது.

யார் விலக வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. குறுக்கே கடக்கும் இரண்டு இயந்திரக் கப்பல்களில், எது தன் வலப்பக்கம் மற்றதைக் காண்கிறதோ அதுதான் விலக வேண்டும். முடிந்தவரை மற்றதன் முன்னால் குறுக்கே போகவும் கூடாது. இரவில் இதை விளக்கின் நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். வலப்பக்கத்திலிருந்து வரும் கப்பலின் சிவப்பு விளக்கு தெரிந்தால் நாம் விலக வேண்டும். இடப்பக்கத்திலிருந்து வருவதன் பச்சை விளக்கு தெரிந்தால் நாம் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் போக வேண்டும். நேருக்கு நேர் வந்தால் இருவருமே வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதன் விளைவு நன்றாகவே தெரியும். 2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. ஒன்று துறைமுகத்திலிருந்து வெளியே போனது, மற்றொன்று உள்ளே வந்தது. கசிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் கறுப்புக் குழம்பாக ஒதுங்கியது. அதை ஆட்கள் வாளி வாளியாக அள்ளினார்கள். அந்த இரண்டு கப்பல்களுக்கும் இடையே எந்தப் பகையும் கிடையாது. 'கொலிஷன் கோர்ஸ்' என்ற தொடரின் உயிர்நாடியே இதுதான். கோபம் இல்லாமலும், திட்டம் இல்லாமலும் இரு தரப்பு மோதலை நோக்கிப் போக முடியும்.

இனி இலக்கணம். முன்னால் வரும் சொல் எப்போதும் 'ஆன்'. 'இன் எ கொலிஷன் கோர்ஸ்' என்பது தவறு. பாதை ஒன்றுதான் என்பதால், இரு தரப்பைச் சொன்னாலும் 'கோர்ஸஸ்' என்று பன்மையாக்க வேண்டாம். எதிர்த்தரப்பைச் சொல்லும்போது 'வித்', சிக்கலின் பொருளைச் சொல்லும்போது 'ஓவர்'. 'தி யூனியன் இஸ் ஆன் எ கொலிஷன் கோர்ஸ் வித் தி மேனேஜ்மென்ட் ஓவர் போனஸ்.' மூன்றாவது ஒன்று அவர்களை அந்த நிலைக்குத் தள்ளினால் 'புட்' அல்லது 'செட்' என்ற வினை வரும். 'தி நியூ ரூல் ஹாஸ் புட் டீச்சர்ஸ் ஆன் எ கொலிஷன் கோர்ஸ் வித் பேரன்ட்ஸ்.'

எழுத்தில் இரண்டு பொறிகள் உண்டு. 'கோர்ஸ்' என்பதில் ஓ-வுக்குப் பின் யூ வர வேண்டும். ஏ வந்தால் சொரசொரப்பு என்று பொருளாகிவிடும். 'கொலிஷன்' என்பதில் ஐ-க்குப் பதில் யூ போட்டுவிட்டால் அது 'கொலூஷன்'. அதற்குப் பொருள் கூட்டுச்சதி. மோதப் போகிறவர்களைக் கூட்டாளிகளாக்கிவிடும் இந்தப் பிழையை அச்சிலேயே பார்க்கலாம். உச்சரிப்பில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். நடுவில் வரும் ஒலி 'டெலிவிஷன்' என்பதில் வருவது போல இழைந்து வர வேண்டும்.

அண்ணா சாலையிலிருந்து ஒரு நாளிதழ் துணை ஆசிரியர்: நாங்கள் இதை வழக்கமாக 'மோதல் போக்கு' என்றுதான் மொழிபெயர்க்கிறோம். சரிதானா?

பாதி இடங்களில் சரி. 'மோதல் போக்கைக் கைவிட வேண்டும்' என்று தமிழில் எழுதும்போது, வேண்டுமென்றே முரண்டு பிடிக்கிறார் என்ற குற்றச்சாட்டு அதில் ஏறிவிடுகிறது. ஆங்கிலத் தொடரில் அந்தக் குற்றச்சாட்டு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. மத்திய அரசின் ஒரு சட்டமும் மாநில அரசின் ஒரு சட்டமும் ஒன்றுக்கொன்று முரணாகப் போனால் ஆங்கிலச் செய்தியாளர் 'கொலிஷன் கோர்ஸ்' என்பார். அதை 'மாநில அரசு மோதல் போக்கு' என்று தலைப்பாக்கினால் செய்தியில் இல்லாத ஒரு பழியை நாம் சேர்த்தவர்களாவோம்.

செய்தியை மறுபடி படித்து, யாராவது வேண்டுமென்றே வம்புக்குப் போகிறாரா என்று பாருங்கள். போகிறார் என்றால் 'மோதல் போக்கு' பொருந்தும். இல்லையென்றால் 'மோதும் நிலை', 'மோதலை நோக்கி', 'மோதல் உருவாகும் சூழல்' என்பவற்றில் ஒன்றைப் போடுங்கள். தலைப்பில் இடம் குறைவு என்றால் 'மோதும் நிலையில்' என்ற இரண்டு சொல்லே போதும்.

உங்கள் மேசையில் தினமும் வரும் வேறு தொடர்களையும் இங்கேயே பார்த்துவிடலாம், ஏனென்றால் தமிழில் இதற்கு வறுமை இல்லை. லேசான கருத்து வேறுபாடு தலைகாட்டினால் 'உரசல்'. உறவு கெடத் தொடங்கினால் 'விரிசல்'. வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே முறைத்துக்கொண்டால் 'பனிப்போர்'. தன் கட்சியிலோ அமைப்பிலோ இருந்துகொண்டே தலைமையை எதிர்த்தால் 'போர்க்கொடி'. இந்தக் கடைசிச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் மிக நெருங்கி வருவது 'அப் இன் ஆர்ம்ஸ்'. அதில் எதிர்ப்பு தொடங்கியே விட்டது. ஆகவே 'கொலிஷன் கோர்ஸ்' வரும் இடத்தில் 'போர்க்கொடி' போடவே கூடாது.

திருவல்லிக்கேணி வாசகர்: எல்லையில் பதற்றம் என்றாலே ஆங்கிலச் செய்திகளில் 'சேபர் ராட்லிங்' என்கிறார்கள். பொருள் புரிகிறது. எங்கே பயன்படுத்தக் கூடாது?

'சேபர்' என்பது குதிரைப்படையினரின் வளைந்த வாள். அதை உறையோடு ஆட்டிச் சத்தம் எழுப்புவது 'ராட்லிங்'. வாள் உறையை விட்டு வெளியே வரவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். 1924 செப்டம்பரில் சிலி நாட்டுத் தலைநகர் சாண்டியாகோவில் செனட் சபை கூடியிருந்தபோது, பார்வையாளர் மாடத்தில் இருந்த இளம் ராணுவ அதிகாரிகள் தங்கள் வாள் உறைகளைத் தரையில் தட்டி ஓசை எழுப்பினார்கள். ஸ்பானிய மொழி வரலாற்றில் அந்த நிகழ்ச்சிக்கே 'வாள் ஓசை' என்றுதான் பெயர். சில நாட்களிலேயே ராணுவத்தினர் ஆட்சியைப் பிடித்துவிட்டார்கள். அதனால் 'சேபர் ராட்லிங்' என்றாலே வெற்று மிரட்டல் என்று முடிவுகட்டக் கூடாது. வெற்று என்றுதான் சொல்ல வேண்டுமென்றால் 'மியர்' என்பதைச் சேர்த்து 'மியர் சேபர் ராட்லிங்' என்று எழுதுவார்கள்.

சென்னைப் பேச்சில் 'உதார் விடுறது', 'சவுண்டு விடுறது' என்பவை பக்கத்தில் வருகின்றன. ஆனால் உதாரில் கையில் ஒன்றும் இல்லை என்ற பொருள் ஏற்கெனவே இருக்கிறது. 'சேபர் ராட்லிங்' செய்பவரிடம் வாள் இருக்கிறது. எல்லையில் ஒத்திகை, ஏவுகணைச் சோதனை, படைநகர்வு போன்றவற்றுக்கு இதைப் பயன்படுத்துங்கள். குண்டு விழுந்த பிறகு பயன்படுத்தாதீர்கள். தெருச் சண்டைக்கும் வேண்டாம், ஏனென்றால் அதிகாரமும் படைபலமும் உள்ளவர் விடும் மிரட்டலுக்கே இது பொருந்தும். பன்மை வடிவம் கிடையாது.

குரோம்பேட்டையிலிருந்து எஸ்.எஸ்.சி. தேர்வெழுதும் வாசகர்: மாதிரித் தேர்வில் 'ஸ்பாய்லிங் ஃபார் எ ஃபைட்' என்பதற்குச் 'சண்டையைக் கெடுப்பவர்' என்ற விடையைத் தேர்ந்தெடுத்தேன். தவறு என்று வந்தது. ஏன்?

'ஸ்பாய்ல்' என்றால் கெடுப்பது என்று மனதில் ஊறியிருப்பதால் வரும் விபத்து இது. வினாத்தாள் தயாரிப்பவர்களும் இதை நம்பியே அந்த விடையை உள்ளே வைக்கிறார்கள். 'ஸ்பாய்லிங் ஃபார்' என்று சேர்ந்து வந்தால் 'துடிப்பது, ஏங்குவது' என்று பொருள். 'ஹி இஸ் ஸ்பாய்லிங் ஃபார் எ ஃபைட்' என்றால் சண்டைக்குக் கை துறுதுறுக்கிறது, வலுச்சண்டைக்கு வருகிறான் என்று அர்த்தம். எப்போதும் தொடர்வினையாகவே வரும். 'ஹி ஸ்பாய்ல்ட் ஃபார் எ ஃபைட்' என்று யாரும் எழுதுவதில்லை. 'பிக் எ ஃபைட்' இதற்கு அடுத்த படி. அதில் வம்புக்கு இழுத்தே விட்டார். இரண்டும் ஒரே வினாவில் விடைகளாக வந்தால், இன்னும் இழுக்கவில்லை என்ற குறிப்பு வாக்கியத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

மயிலாப்பூரிலிருந்து ஓர் ஆங்கில ஆசிரியை: 'த்ரோ டவுன் தி காண்ட்லெட்', 'ரன் தி காண்ட்லெட்' இரண்டையும் மாணவர்கள் ஒன்றாக்கிவிடுகிறார்கள். எப்படிப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பது?

வேரிலேயே பிரித்துவிடுங்கள். எழுத்து ஒன்றாக இருந்தாலும் இவை வேறு வேறு சொற்கள். முதலாவது பிரெஞ்சுமொழியிலிருந்து வந்த கையுறை. இடைக்கால ஐரோப்பிய வீரர் தம் இரும்புக் கையுறையைக் கழற்றி எதிராளியின் முன்னால் தரையில் எறிவார். அவர் அதைக் குனிந்து எடுத்தால் போட்டி உறுதி. எடுப்பதைச் சொல்ல 'டேக் அப் தி காண்ட்லெட்' அல்லது 'பிக் அப் தி காண்ட்லெட்'. இங்கிலாந்தின் முடிசூட்டு விருந்தில் அரசரின் சார்பாக ஒரு வீரர் குதிரையில் வந்து கையுறை எறியும் சடங்கு இருந்தது. 1821-ல் நான்காம் ஜார்ஜ் முடிசூடியபோது நடந்ததே அதில் கடைசி.

இரண்டாவதற்கும் கையுறைக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்வீடிய மொழியில் சந்து என்ற சொல்லும் ஓட்டம் என்ற சொல்லும் சேர்ந்து 'காட்லோப்' என்றொரு சொல். தண்டனை பெற்ற சிப்பாய் இரு வரிசையாக நிற்கும் சக வீரர்களுக்கு நடுவே ஓட வேண்டும், இருபக்கத்திலிருந்தும் அடி விழும். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் 'காண்ட்லோப்' என்று நுழைந்து, பிறகு கையுறைச் சொல்லோடு குழம்பி அதே வடிவம் எடுத்துக்கொண்டது.

வகுப்பில் இப்படிச் செய்து பாருங்கள். இரண்டு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, 'அடி வாங்குபவர் யார்?' என்று மட்டும் கேளுங்கள். 'தி மினிஸ்டர் ரேன் தி காண்ட்லெட் ஆஃப் ப்ரொடெஸ்டர்ஸ்' என்பதில் அடிபடுகிறவர் எழுவாய். 'தி சாம்பியன் த்ரூ டவுன் தி காண்ட்லெட் டு ஹர் ரைவல்' என்பதில் யாரும் அடிபடவில்லை, ஒரு சவால் மட்டும் கிடக்கிறது. தமிழில் தொடை தட்டி அழைப்பதும், வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதும் இந்த இரண்டாம் வாக்கியத்துக்கு நிகர். மோதல் வரலாம், வராமலும் போகலாம். எதிராளி கையுறையை எடுக்கிறாரா என்பதைப் பொறுத்தது.

தாம்பரம் வாசகர்: 'அட் டேகர்ஸ் டிரான்', 'அட் லாகர்ஹெட்ஸ்' இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. முதலாவதில் இருவரும் குத்துவாளை உருவிக்கொண்டு நிற்கிறார்கள். பகை முற்றிவிட்டது, முதல் குத்து விழவில்லை. இரண்டாவதில் பகை கட்டாயமில்லை. இருவரும் தம் தம் நிலையில் விடாப்பிடியாக நிற்கிறார்கள், அவ்வளவுதான். கீரியும் பாம்புமாக இருக்கும் இருவரைச் சொல்ல 'டேகர்ஸ் டிரான்'. நிதிநிலை அறிக்கையில் ஒரு வரி குறித்து உடன்பட மறுக்கும் இரு துறைகளைச் சொல்ல 'லாகர்ஹெட்ஸ்'. இரண்டுக்கும் முன்னால் 'அட்' வரும், பின்னால் 'வித்' வரும். 'லாகர்ஹெட்ஸ்' எப்போதும் பன்மை. ஒருமையில் எழுதினால் அது ஒரு கடலாமையின் பெயர். பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரை வரை நம் மணலில் முட்டையிட வரும் பங்குனி ஆமை வேறு இனம். அதையும் இதையும் குழப்பி எழுதுகிறவர்கள் இருப்பதால் சொல்லி வைக்கிறோம்.

பழைய மாமல்லபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் வாசகி: வாடிக்கையாளர் கடும் கோபத்தில் இருக்கிறார் என்று சொல்ல, 'தி கிளையன்ட் இஸ் ஆன் தி வார்பாத்' என்று எங்கள் குழுவுக்கு மடல் எழுதினேன். மேலாளர் அதை மாற்றச் சொன்னார். இலக்கணப் பிழை எதுவும் இல்லையே?

இலக்கணம் சரிதான். ஆனால் வட அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் போருக்குப் புறப்படுவதைக் குறித்துப் பிறந்த தொடர் அது. அந்த மக்களைச் சண்டைக்காரர்களாகவே காட்டிய பழைய பார்வை அதில் ஒட்டியிருக்கிறது என்பதால் அமெரிக்க அலுவலகங்களில் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். சமாதானமாவதைச் சொல்லும் 'பெரி தி ஹாட்செட்' என்பதும் அதே இடத்திலிருந்து வந்ததுதான். மடல் எப்போதும் உள்ளேயே நிற்காது. யாராவது மறுபடி அனுப்பும்போது அடியில் இருக்கும் பழைய மடலும் சேர்ந்தே வாடிக்கையாளரிடம் போய்ச் சேரும். இதுதான் நடைமுறையில் பெரிய ஆபத்து. 'தி கிளையன்ட் இஸ் வெரி அன்ஹாப்பி அபவுட் தி டிலே அண்ட் மே எஸ்கலேட் திஸ் வீக்' என்று எழுதிவிடுங்கள். கோபத்தின் காரணமும், அடுத்து என்ன நடக்கலாம் என்பதும் அதில் வந்துவிடுகின்றன. உங்கள் குழுவுக்குத் தேவை அதுதான்.

திருவான்மியூர் வாசகர்: 'காம் பிஃபோர் தி ஸ்டார்ம்', 'ஐ ஆஃப் தி ஸ்டார்ம்' இரண்டுமே அமைதியைத்தானே சொல்கின்றன?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது நகரில் இருந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லிப் புரியவைக்கவே வேண்டாம். காலையிலிருந்து காற்று ஒரு பக்கமிருந்து அடித்து மரங்களைச் சாய்த்தது. பிற்பகலில் திடீரென்று ஓய்ந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்துச் சிலர் தெருவில் இறங்கினார்கள். புயலின் கண் கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து காற்று திரும்ப அடித்தது. அந்த நடு ஓய்வுதான் 'ஐ'. புயல் வருமுன் இருந்த ஓய்வு 'காம் பிஃபோர்'.

மரபுத்தொடராக வரும்போது முதலாவது, மோதலுக்கு முந்தைய பொய்யான அமைதி. பேச்சுவார்த்தைக்கு முதல் நாள் இரு தரப்பும் அறிக்கை விடாமல் இருந்தால் இதைச் சொல்லலாம். இரண்டாவதோ இன்றைய ஆங்கிலத்தில் பெரும்பாலும் பொருள் திரும்பி வருகிறது. 'தி ஆபீசர் அட் தி ஐ ஆஃப் தி ஸ்டார்ம்' என்றால் சர்ச்சையின் நடுவில் சிக்கியவர் என்றுதான் செய்தியாளர்கள் எழுதுகிறார்கள். அமைதியாக இருப்பவர் என்று அதை மொழிபெயர்த்தால் கதையே மாறிவிடும். வானிலைச் செய்தியில் வந்தால் மட்டும் அமைதி, மற்ற இடத்தில் சர்ச்சை மையம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புரசைவாக்கம் வாசகர்: 'கிராஸ் தி ரூபிகான்' என்பதையும் மோதலுக்கு முந்தைய நிலையில் சேர்க்கலாமா?

சேர்க்கக் கூடாது. கி.மு. 49 ஜனவரியில் ஜூலியஸ் சீசர் தம் படையோடு ரூபிகான் ஆற்றைக் கடந்தார். படையுடன் அந்த எல்லையைத் தாண்டி இத்தாலிக்குள் நுழைவதே ரோமச் சட்டப்படி குற்றம். ஆகவே கடந்த நிமிடமே உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டது. திரும்ப முடியாத முடிவு எடுத்தாகிவிட்டது என்பது இதன் பொருள். 'கொலிஷன் கோர்ஸ்' என்பதில் இன்னும் திரும்பலாம், இதில் முடியாது.

அண்ணா நகரிலிருந்து தமிழ் முதுகலை மாணவி: ஆங்கிலம் இவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கிறது. நம் மரபில் இப்படிக் கட்டம் கட்டமாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்களா?

நீங்கள் படிக்கும் புறத்திணையே அதுதான். போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூவின் பெயரை வைத்த பழைய இலக்கியப் பகுப்பு அது. பகைவரின் ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, கவர்வது வெட்சி. அதை மீட்பது கரந்தை. பகைவர் மண்ணை நோக்கிப் படையெடுத்துச் செல்வது வஞ்சி. வருபவரை எதிர்கொண்டு நிற்பது காஞ்சி. மதிலைக் காப்பது நொச்சி, வளைப்பது உழிஞை. களத்தில் கைகலப்பது தும்பை, வெல்வது வாகை. இது பிற்காலப் பகுப்பு. தொல்காப்பியத்தில் திணைகள் ஏழுதான். அங்கே கரந்தை வெட்சிக்குள்ளும், நொச்சி உழிஞைக்குள்ளும் அடங்கிவிடும். காஞ்சிக்கும் அங்கே வேறு பொருள், நிலையாமை.

உங்கள் கேள்விக்கு நேராக வருவது வஞ்சி. படை கிளம்பிவிட்டது, இன்னும் சேரவில்லை. ஆநிரை கவர்வதையே போருக்கு முதல் அடியாக வைத்திருப்பதைக் கவனியுங்கள். அரசன் அறிவித்துத் தொடங்கும் சண்டையில் முதல் சீண்டலுக்கே ஒரு பூவும் ஒரு பெயரும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இன்றைய செய்தித்தமிழில் 'வஞ்சி சூடினார்' என்று எழுதினால் வாசகர் 'வஞ்சித்தார்' என்று படித்துவிடுவார். கட்டுரையில் பயன்படுத்துங்கள், தலைப்பில் வேண்டாம்.

வேளச்சேரி அடுக்ககச் சங்கச் செயலாளர்: பராமரிப்புக் கட்டணம் குறித்துக் கட்டுமான நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறோம். 'யூ ஆர் ஆன் எ கொலிஷன் கோர்ஸ் வித் அஸ்' என்று ஒரு வரி வைத்திருக்கிறோம். இருக்கட்டுமா?

எடுத்துவிடுங்கள். எதிர்த்தரப்பை எழுவாயாக வைத்து, அவருக்கே எழுதும் கடிதத்தில் இந்தத் தொடரைப் போட்டால் அது மிரட்டலாகவே படிக்கப்படும். நாளை விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனால் அந்த வரியைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். எழுவாயை 'வீ' என்றோ 'போத் சைட்ஸ்' என்றோ மாற்றுங்கள். முன்னால் 'அன்லெஸ்' போட்டு விலகும் வழியையும் காட்டுங்கள்: 'அன்லெஸ் வீ மீட் பிஃபோர் தி தர்ட்டியத், போத் சைட்ஸ் வில் பி ஆன் எ கொலிஷன் கோர்ஸ் ஓவர் தி மெயின்டெனன்ஸ் சார்ஜஸ்.'

இந்த வரியைக் கடிதத்தின் தொடக்கத்திலும் வைக்காதீர்கள். முதல் பத்தியில் எந்த மாதத்திலிருந்து கட்டணம் கூடியது, சதுர அடிக்கு எவ்வளவிலிருந்து எவ்வளவு என்று எழுதுங்கள். இரண்டாம் பத்தியில் ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு அதற்கு மாறாக இருக்கிறது என்று காட்டுங்கள். மூன்றாவதில் உங்கள் கோரிக்கை. அதன் பிறகு இந்த ஒரே வரி, கடைசியாகச் சந்திப்புக்கான நாளும் நேரமும் இடமும். உறுப்பினர்களுக்குத் தமிழில் சுற்றறிக்கை விடும்போது இந்த வரிக்குப் பதிலாக 'இப்படியே போனால் வழக்கில்தான் முடியும், அதற்கு முன் பேசித் தீர்க்க முயல்கிறோம்' என்று எழுதிவிட்டு, அதே சந்திப்புத் தேதியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.